நியூட்ரினோவின் நிறைப் புதிர்: இடுக்கி எல்லை மலையில் தேடவிருந்த விடை என்ன?

தேனி: கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தை ஒட்டிய பொட்டிபுரம் மலையில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் இன்றுவரை அமையவில்லை. அங்கு விடை தேடவிருந்த கேள்வியும் இன்னும் தீரவில்லை.

துகள் இயற்பியலின் அடிப்படையான 'ஸ்டாண்டர்ட் மாடல்' கோட்பாட்டின்படி நியூட்ரினோவுக்கு நிறை கிடையாது. ஆனால், நியூட்ரினோக்கள் பயணத்தின்போது ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதை ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் 1998-இல் உறுதிப்படுத்தியது. நிறை இருந்தால் மட்டுமே இத்தகைய மாற்றம் நிகழும். இதற்காக 2015-ஆம் ஆண்டு நோபல் பரிசும் வழங்கப்பட்டது.

விடையில்லாக் கேள்வி

நியூட்ரினோவுக்கு மூன்று நிறை நிலைகள் உள்ளன. இரண்டாவது, முதலாவதைவிடச் சற்று கனமானது. மூன்றாவது இவ்விரண்டையும்விடக் கனமானதா, இலேசானதா என்பதே புதிர்.

மலை எதற்கு?

விண்ணிலிருந்து வரும் பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ எளிதில் ஊடுருவும். எனவே சுமார் 2 கி.மீ. நீளச் சுரங்கத்தின் முடிவில், 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியை நிறுவத் திட்டமிடப்பட்டது.

நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் என்ற மின்னூட்டத் துகள் உருவாகும். காந்தப்புலத்தில் அது வளையும் திசையைக் கொண்டு, மோதியது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என அறியலாம். பூமியைத் துளைத்து வரும்போது இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் வகை மாறுகின்றன. அந்த வேறுபாடே நிறை வரிசையைக் காட்டும்.

முடங்கியது ஏன்?

சுமார் ரூ.1,500 கோடி மதிப்பிலான இத்திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பாறைகளை வெடிவைத்துத் தகர்ப்பதால் நீராதாரமும் வனமும் பாதிக்கப்படும் என உள்ளூர் மக்கள் எதிர்த்தனர். இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ. தொலைவுக்குள் இருப்பதால், சுற்றுச்சூழல் அனுமதியைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நிறுத்திவைத்தது.

2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் அவசியம் எனத் தீர்ப்பாயம் கூறியது. புலிகளின் வழித்தடம் பாதிக்கப்படும் என்பதால் திட்டத்தை அனுமதிக்க இயலாது என 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதனிடையே, இதே கேள்விக்கு விடை காண சீனாவின் 'ஜூனோ' ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவுகளைச் சேகரிக்கத் தொடங்கியுள்ளது.