பாம்புக்கு வீடு: கண்ணாடித் தொட்டியா, கரையான் புற்றா?

வருசநாட்டு நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "தோட்டத்துல பிடிச்ச சாரைக்குட்டியைத் தம்பி கண்ணாடித் தொட்டியில வெச்சிருக்கான். அது வசதியா இருக்க என்னென்ன வாங்கணும்?"

முதல்ல, பாம்புக்கு வசதின்னா என்ன? நமக்கு விசாலமான அறை. அதுக்கு ஒளிஞ்சுக்க ஒரு பொந்து. உடம்பு சுவரைத் தொடுற அளவுக்கு இறுக்கமா, இருட்டா இருந்தாத்தான் பயம் இல்லாம படுக்கும். நாலு பக்கமும் கண்ணாடின்னா, ஒளியவே முடியாத இடம்னு அர்த்தம்.

அடுத்தது சூடு. பாம்பு நம்மள மாதிரி உடம்புச் சூட்டைத் தானே ஒரே அளவில் வெச்சுக்காது. வெயிலுக்கு வந்து சூடேத்திக்கும், நிழலுக்குப் போய் ஆத்திக்கும். அதனால வீட்டுக்குள்ளயே ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளுமை வேணும். பால் பைத்தான் வளர்க்கிறவங்க சூடான பக்கத்தை 31–32 டிகிரி செல்சியஸ், மறுபக்கத்தை 25–27 டிகிரின்னு வெப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒளிய இடம், குடிக்கத் தண்ணி. வெளிநாட்டு வீடியோக்கள்ல சூடேத்துற விளக்கைப் பத்தித்தான் நிறைய பேசுவாங்க. நம்ம சித்திரை வெயில்ல கஷ்டமே அந்தக் குளுமையான பக்கம்தான்.

இதை நல்லாப் புரிஞ்சவங்க இருளர்கள். 1978-ல் தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருக்கு. அங்கே பாம்பு இருப்பது மண்பானையில், வாயில துணி கட்டி. உள்ளே இருட்டு, இறுக்கம், குளுமை. அதுவும் சில வாரம்தான். விஷம் எடுத்துட்டுத் திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. எல்லாம் வனத்துறை அனுமதியோட.

நம்ம வீட்டுக்கு அந்த அனுமதி கிடையாது. சாரை, நாகம், மலைப்பாம்பு எல்லாமே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. பிடிச்சு வெச்சாலே குற்றம், சிறை வரைக்கும் போகலாம். பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டுப் பாம்புன்னா, பரிவேஷ் தளத்துல பதிவு செய்யணும். கடைக்காரர் காகிதம் காட்டலைன்னா வாங்காதீங்க.

அதனால அந்தத் தம்பிக்கு: எதுவும் வாங்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்க. இனி கையில எடுக்காதீங்க, அது சாரைதான்னு உறுதியாத் தெரியாது. சாரைன்னாலும் ஆறு, ஏழு அடி வளரும். பகல்ல சுத்தி எலி, தவளை பிடிக்கிற ஜீவன், எந்தத் தொட்டியும் பத்தாது.

பாம்புக்கு வீடு கட்டணும்னு நிஜமாவே ஆசையா? தோட்டத்து ஓரத்துல இருக்கிற கரையான் புற்றை இடிக்காதீங்க. கல்லு அடுக்கின வரப்பைச் சிமெண்ட் போட்டுப் பூசாதீங்க. மேல வெயில், உள்ளே குளுமை, இறுக்கமான இருட்டு, பக்கத்துலயே எலி வளை. பாம்பு கேக்கிறது அத்தனையும் அங்கே இருக்கு. விறகையும் குப்பையையும் மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீங்க, ராத்திரி டார்ச் இல்லாம நடக்காதீங்க. அதுக்கும் இடம் இருக்கும், நமக்கும் பயம் இருக்காது.