மாங்கனைட் படிகங்களும் மின்னோட்டமும்

உலோகக் கம்பியைச் சூடேற்றினால் அதன் மின்தடை கூடும் என்பது உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிந்ததே. ஆனால் மாங்கனீஸ், நிக்கல், தாமிரம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைக் கலந்து சுட்ட சிறு மணியொன்றைச் சூடேற்றினால் இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது. சாதாரண வெப்பநிலையில், ஒரு டிகிரி ஏறும்போது அதன் தடை ஏறக்குறைய 4 சதவிகிதம் குறைந்துவிடுகிறது. தெர்மிஸ்டர் எனப்படும் இம்மணியே காய்ச்சலை எண்களில் காட்டும் வெப்பமானியின் நுனியில் அமைந்துள்ளது. இது அரைக்கடத்தி வகையைச் சேர்ந்தது.

இத்தகைய ஆக்ஸைடுகளின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஏ. பி. பி. சின்ஹா. 1950 ஜனவரி 3-ஆம் தேதி பிரதமர் நேரு திறந்து வைத்த புனே தேசிய ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் பணியாற்றினார். பின்னர் அதன் பௌதிக ரசாயனப் பிரிவுக்குத் தலைவருமானார். ரசாயனக் கூடத்தில் நடந்த வேலையாயினும், அதில் பெரும்பகுதி பௌதிகமே எனலாம். சஞ்ஜானா, பிஸ்வாஸ் ஆகியோருடன் அவர் 1957-இல் வெளியிட்ட ஆய்வுரை, மாங்கனைட்டுகள் சிலவற்றின் படிக அமைப்பைப் பற்றியது.

மாங்கனைட்டுகளுள் பல ஸ்பினல் என்னும் அமைப்பைத் தழுவியவை. ஆக்ஸிஜன் அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்க, உலோக அணுக்கள் இடையிலுள்ள இருவகைப் பொந்துகளில் அமர்கின்றன. ஒருவகைப் பொந்தைச் சூழ நான்கு ஆக்ஸிஜன்கள். மற்றதைச் சூழ ஆறு. இவ்வடுக்கு கனசதுர வடிவில் இருக்கவேண்டும். ஆனால் ஹாஸ்மனைட் என்னும் மாங்கனீஸ் கனிமத்தில் அது ஒரு திசையில் சுமார் 16 சதவிகிதம் நீண்டு காணப்படுகிறது. மூன்று எலெக்ட்ரான்களை இழந்த மாங்கனீஸ் அயனியே இதற்குக் காரணம். அதன் நான்காவது டி-எலெக்ட்ரானுக்குச் சம ஆற்றலுள்ள இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில் அது நிலைபெற்றதும், சுற்றியுள்ள ஆறு ஆக்ஸிஜன்களுள் எதிரெதிரான இரண்டு விலகிச் செல்கின்றன. அயனிகள் யாவும் ஒரே திசையில் இவ்வாறு நீளும்போது படிகமே நீள்கிறது. 1955-இல் அமெரிக்காவில் குட்இனஃபும் லோபும் இதைப் பிணைப்பின் தன்மையால் விளக்கினர். 1957-இல் டனிட்ஸும் ஆர்கெலும் யான்–டெல்லர் விளைவால் விளக்கியதே இன்று பாடநூல்களில் நிலைத்துள்ளது. சுமார் 1,170 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஹாஸ்மனைட்டும் கனசதுரமாகிவிடுகிறது.

சிக்கல் தாமிர மாங்கனைட்டில்தான் எழுந்தது. அதிலும் மாங்கனீஸ் உண்டு. அப்படியிருந்தும் படிகம் கனசதுரமாகவே உள்ளது. புனே குழுவினர் 1958-இல் இதைப் பற்றித் தனி ஆய்வுரை வெளியிட்டனர். எந்த அயனி எத்தனை எலெக்ட்ரான்களை இழந்துள்ளது? எக்ஸ்-கதிர் மட்டும் இதற்கு விடை தராது. தாமிரத்தின் அணு எண் 29, மாங்கனீஸின் எண் 25. கதிர்ச் சிதறலில் இவற்றிடையே வேறுபாடு சிறிதே. அயனியின் மின்னேற்றமோ அம்முறையில் எளிதில் தென்படுவதில்லை. எனவே மின்கடத்தல் முதலிய பிற அளவீடுகளின் துணையை நாட வேண்டியதாயிற்று. இப்பொருளைப் பற்றிய விவாதம் ஆராய்ச்சியாளரிடையே பல்லாண்டுகள் நீடித்தது.

மின்கடத்தல் ஏன் துப்புத் தருகிறது? உலோகத்தில் எலெக்ட்ரான்கள் வாய்க்கால் நீர்போல் தடையின்றிச் செல்கின்றன. இவ்வாக்ஸைடுகளிலோ, ஆற்றைக் கடப்பவன் கல்லுக்குக் கல் தாவுவதுபோல், மூன்று எலெக்ட்ரான் இழந்த மாங்கனீஸிலிருந்து நான்கு இழந்த அண்டை மாங்கனீஸுக்கு எலெக்ட்ரான் தாவுகிறது. இருவகை அயனிகளும் அருகருகே இருந்தால்தான் தாவல் எளிது. தாவுவதற்கு வேண்டிய ஆற்றலை வெப்பம் அளிக்கிறது. சூடேறத் தடை குறைவதன் இரகசியம் இதுவே. 1972-இல் சின்ஹாவுக்கு ரசாயன விஞ்ஞானத்துக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு வழங்கப்பட்டது.

இத்தாவல் ஆக்ஸைடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1977-இல் ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசிட்டிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் அயோடினைச் சேர்த்து அதை மின்கடத்தியாக்கினர். 2000-இல் ரசாயன நோபல் பரிசைப் பெற்றனர். அணுவடுக்கு ஒழுங்கற்ற கரிமப் பொருள்கள் பலவற்றிலும் மின்னேற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவியே செல்கிறது.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் காட்டுவது கடினமன்று. 25 டிகிரியில் 10,000 ஓம் தடையுள்ள, நீர் புகாதவாறு உறையிட்ட தெர்மிஸ்டர் ஒன்றும், தடை அளக்கும் மீட்டரும், சாதாரண வெப்பமானியும் போதும். தெர்மிஸ்டரை வெந்நீரில் அமிழ்த்தி, நீர் ஆறுகையில் 5 டிகிரிக்கு ஒருமுறை தடையைக் குறித்துவரச் செய்யலாம். கடைகளில் கிடைக்கும் வழக்கமான வகையாயின், 50 டிகிரியில் சுமார் 3,600 ஓம் காட்டும். தடையின் மடக்கையை, கெல்வின் வெப்பநிலையின் தலைகீழ் எண்ணுக்கு எதிராக வரைபடமிட்டால், புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் அமையும். அக்கோட்டின் சாய்வே தாவலுக்கு வேண்டிய ஆற்றலின் அளவைத் தருகிறது.