தண்ணீர்ப் பந்தல் வரிசையில் நம் பலகை எங்கே?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் செபராங் பிறையில் உண்டா? கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் இறங்கி நடக்க ஆரம்பித்தால் மலையடிவாரம் வரைக்கும் தண்ணீர்ப் பந்தல்தான். ஒவ்வொரு பந்தலின் நெற்றியிலும் ஒரு பெயர்ப் பலகை. தொழிற்சாலை ஊழியர்கள், வங்கி ஊழியர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், இளைஞர் மன்றத்தார், இன்னும் எத்தனையோ பேர். மோர் வாங்கிக் குடிக்கிற அவசரத்தில் நாம் பலகையைப் படிப்பதில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் செருப்புப் பை.

எங்களோடு வந்த ஓர் அம்மா மட்டும் ஒன்று விடாமல் படித்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷம் பால்மரத்தில் கத்தி பிடித்தவர். திடீரென்று நின்று கேட்டார்:

"ஏன் தம்பி, இம்புட்டுச் சங்கம் இருக்கே, மொத்தம் எத்தனை இருக்கும்? நம்ம எஸ்டேட்டு பேரு ஒண்ணையும் காணோமே?"

அந்தக் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறோம்.

லாபம் பங்கு போடாத அமைப்பு என்றால் என்ன? பணம் சேர்க்கலாம், கட்டடம் வாங்கலாம், சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். ஆனால் மிச்சமாகும் காசை உறுப்பினர்கள் பிரித்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெரியவர்கள் பலர் பங்கு வாங்கினார்களே, அது நமக்காகப் பிறந்த அமைப்புத்தான். என்றாலும் அங்கே லாப ஈவு உண்டு. ஆகவே அது வேறு வகை.

இந்த வகை அமைப்புகள் பினாங்கில் எத்தனை என்று ஒரே புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் புத்தகம் ஒன்றல்ல. சாதாரணச் சங்கங்கள் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ச் சங்கப் பதிவிலாகாவில் இருக்கின்றன. தொழிற்சங்கங்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. விளையாட்டுக் கழகங்கள் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேறு அதிகாரியிடம். இளைஞர் இயக்கங்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டம். சில அறநிறுவனங்கள் கம்பெனிச் சட்டத்திலேயே பதிந்துகொள்கின்றன. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களெல்லாம் கல்வி இலாகாவின் கணக்கில் போகும். பள்ளிவாசல்களின் வக்பு நிலங்கள் இஸ்லாமிய சமய மன்றத்திடம் இருக்கின்றன. ஒரு கணக்கில் உள்ளது இன்னொன்றில் இருக்காது.

ஆனால் வயது எவ்வளவு என்று கேட்டால் சொல்லலாம். கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் எழுந்தது 1801-இல். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833. சீனர்களின் குலச் சங்கங்கள் எத்தனை தெருக்களில் வீடும் கடையுமாக வைத்திருக்கின்றன என்பதை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 1867-இல் இந்த ஊரில் ரகசியச் சங்கங்கள் மோதிப் பெரிய கலவரமே நடந்தது. சங்கமென்றால் பதிவு செய் என்று வெள்ளைக்காரன் 1889-இல் சட்டம் போட்டதற்கு அப்படிப்பட்ட பயமும் ஒரு காரணம். நம்மைக் கணக்கெடுக்கும் வழக்கம் அன்பினால் வந்ததல்ல!

மருத்துவமனையைப் பாருங்கள். லாம் வா ஈ 1883-இல் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் இடமாகத் தொடங்கியது. அட்வெண்டிஸ்ட் மருத்துவமனை 1924. புற்றுநோய்க்கான மவுண்ட் மிரியம் 1976. மூன்றுமே லாபம் பங்கு போடாதவை. அதற்காக இலவசம் என்று நினைத்துப் போய் நின்றுவிடாதீர்கள், பில் வரும். உதவி நிதிக்கு மனு போட வழி உண்டா என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். நம் ஆட்கள் கேட்பதில்லை. கூச்சம்.

தண்ணீர்மலைக் கோயில் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. வாரியத்தின் மூலம் 1906-ஆம் ஆண்டுச் சட்டம். 2017 முதல் அதன் தங்க ரதமும், செட்டியார்களின் 1894-ஆம் ஆண்டு வெள்ளி ரதமும் பூசத்துக்கு ஓடுகின்றன. வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது அரசாங்கம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. உண்டியலில் போடுகிறோம், அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறோம். கொடுக்கிறவன் கணக்குக் கேட்டால் தப்பில்லை.

இனி, நம் முதுகோடு சம்பந்தப்பட்ட ஒன்று. புல்லு மருந்து. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு பாராகுவாட் அடித்த பெண்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. கிளினிக்கில் ஒரு களிம்பு கிடைத்தது. அந்த மருந்தை எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர்கள் இந்தப் பினாங்கு ஊரில் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் காலமாகும்வரை தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969-இல் பிறந்தது. பூச்சிமருந்துக்கு எதிரான உலக இயக்கமான பெஸ்டிசைட் ஆக்‌ஷன் நெட்வொர்க் 1982-இல் பினாங்கில்தான் தொடங்கப்பட்டது. அதன் ஆசிய பசிபிக் அலுவலகமும் இங்கேயே. 2002-இல் அந்த அலுவலகமும் கோலாலம்பூரின் தெனாகனித்தாவும் சேர்ந்து, மருந்தடிக்கும் தோட்டப் பெண்களை விசாரித்து, அவர்கள் பட்ட பாட்டை நூலாகவே வெளியிட்டன. அதே ஆண்டில் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-இல் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. பதினெட்டு வருஷம்! தொழிற்சங்கக்காரர்களான நாங்களும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: சம்பளத்துக்கும் போனசுக்கும் போராடிய அளவுக்கு நாங்கள் மருந்துக்குப் போராடவில்லை.

இப்போது அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி. நம் பெயர் ஏன் இல்லை?

நம்மிடம் சங்கம் இல்லாமல் இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஆலயக் கமிட்டி உண்டு. மரண சகாய நிதி உண்டு. சம்பள நாளில் வீட்டுக்கு இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி என்று எழுதிவைக்கிற நீல அட்டைப் புத்தகம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், சாப்பாடு எல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்துதான். அரசாங்கத்துக் கணக்கில் வராத இந்தப் புத்தகங்களைக் கூட்டினால் பட்டணத்துச் சங்கங்கள் மூக்கில் விரல் வைக்கும். ஆனால் இவற்றில் பல பதிவாகாதவை. புத்தகம் ஒருவர் வீட்டு அலமாரியில். பணம் ஒருவர் பெயரில்.

செபராங் பிறையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். நிலம் கைமாறி, செம்பனையை வெட்டி வீடு கட்டப் போகிறார்கள் என்று ஆனது. கோயிலுக்கு வேறு இடம் தர நிர்வாகம் சம்மதித்தது. பேச்சுக்குப் போனோம். அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "பதிவுப் பத்திரம் யாரிடம்?" யாரிடமும் இல்லை. மூன்று தலைமுறையாகத் திருவிழா நடத்திய கமிட்டிக்குக் காகிதத்தில் உயிரே கிடையாது. அடுத்த வாரம் இன்னொரு கூட்டம் போய், நாங்கள்தான் கமிட்டி என்றது. கடைசியில் அவசரத்துக்கு ஒரு பெரியவர் பெயரில் இடத்தை எழுதினார்கள். நல்ல மனிதர். அவர் கண்ணை மூடினார். பிள்ளைகள் நால்வர், நால்வருக்கும் நாலு பேச்சு. அம்மன் இன்னும் தகரக் கொட்டகையில்தான்.

பதிவான சங்கமாக இருந்திருந்தால் இடத்தைச் சங்கத்தின் பெயரிலேயே எழுதியிருக்கலாம்; ஆவணத்தில் மூன்று பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. யார் செத்தாலும் சங்கம் சாகாது.

இதற்கு என்ன வேண்டும்? குறைந்தது ஏழு பேர். ஒரு சட்டவிதி. கூடிப் பேசிய குறிப்பு. மனுவெல்லாம் இப்போது கணினி வழியாகத்தான். படித்த பிள்ளைகள் எந்த லயத்தில் இல்லை? பதிந்தபின் வருஷம் ஒருமுறை ஆண்டுக் கூட்டம் போடவேண்டும். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்பவேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். முதல் வருஷம் மாலை மரியாதையோடு நடக்கும். மூன்றாம் வருஷம் செயலாளர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார், அறிக்கை போகாது, பதிவு ரத்தாகும். ஆகவே செயலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நன்றாகப் பேசுகிறவரைப் பார்க்காதீர்கள். காகிதத்தைப் பத்திரப்படுத்துகிறவரைப் பாருங்கள்.

இன்னொன்று. திருவிழாவில் அரிசி களைவது, காய் நறுக்குவது, ஐந்நூறு பேருக்குப் பரிமாறுவது பெண்கள். கமிட்டிப் பட்டியலில் மட்டும் ஒரு பெண் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. கேட்டால், "மகளிர் பிரிவு இருக்கே" என்கிறார்கள். புத்தகமும் சாவியும் எந்தப் பிரிவில் இருக்கிறது?

பூசம் முடிந்து இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மரண சகாய நிதியைப் பதிவதற்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பெயர் சேர்ந்திருந்தது. ஐந்தாவது பெயர் அவருடையது. இன்னும் இரண்டு வேண்டும். பக்கத்து லயத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.