நாலு சிலிண்டருக்குக் கண்ணாடிக் கூண்டு

ஹோண்டா சி.பி. 750 உசத்தியா, கவாசாகி இசட்-1 உசத்தியா? அரை நூற்றாண்டாக ஓயாத இந்தச் சண்டையில் என் ஓட்டு ஹோண்டாவுக்குத்தான்.

1969-ல் அந்த மோட்டார் சைக்கிள் வந்தபோது, பெரும்பாலும் பந்தயத் திடலில் பார்த்துப் பழகிய நாலு சிலிண்டர் எஞ்சின், கட்டுப்படியாகும் விலையில் கடைக்கு வந்துவிட்டது. 736 சி.சி., 67 குதிரைத்திறன். முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். ஆண்டுக்கு 1,500 வண்டி விற்கும் என்று போட்ட கணக்கு, ஒரு மாதத்துக்கே போதவில்லை. முதலில் வந்த வண்டிகளின் கிராங்க்கேஸைத் தடவினால் மணல் ஒட்டியதுபோல் சொரசொரக்கும். எத்தனை விற்குமோ என்ற தயக்கத்தில், பெரிய அச்சுகளில் பணம் போடாமல் வார்த்ததால் வந்த சொரசொரப்பு அது. இன்று ஏலத்தில் அதற்குத்தான் விலை.

கவாசாகியும் 750 சி.சி.யில் நாலு சிலிண்டர் வண்டி ஒன்றை உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது. ஹோண்டா முந்திக்கொள்ளவே, பொறுத்திருந்து 1972-ல் 903 சி.சி., இரட்டை கேம் ஷாஃப்ட், 82 குதிரைத்திறனோடு இறங்கியது. வேகத்தில் இசட்-1-ஐ ஹோண்டாவால் தொட முடியாது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஹோண்டாவுக்கு ஒரு ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் போதும். இசட்-1-க்கு அளவு பார்த்து ஷிம் மாற்ற வேண்டும். வீட்டு வாசலில் உட்கார்ந்து தானே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஹோண்டாவின் பெருமை.

அந்தப் பெருமைதான் இப்போது வீணாகிறது. இரண்டு வண்டிகளும் முதலீடாகிவிட்டன. கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு இறங்குமாம். அதனால் வரவேற்பறையில் நிறுத்திவைத்து, விருந்தாளி வந்தால் ஐந்து நிமிடம் முடுக்கிக் காட்டி அணைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் போய்விடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் உள்ளேயே குளிர்ந்து தங்கும். வெளியே குரோம் பளபளக்க, உள்ளே தகடு துருவேறி ஓட்டை விழும். நாலு கார்புரேட்டரிலும் தேங்கும் பெட்ரோல் பிசினாகி, ஊசி முனை அளவே உள்ள ஜெட் துளைகளை அடைக்கும். இன்டேக் ரப்பர் விறைத்து வெடிக்கும்.

ஓட்டினால் அசல் பாகங்கள் தேயும் என்பது சேகரிப்பாளர்களின் கட்சி. தேயட்டுமே! தேய்ந்ததை மாற்றிக்கொள்ளலாம். இசட்-1-க்கு சிலிண்டர் ஹெட்டையே சில ஆண்டுகளுக்கு முன் கவாசாகி புதிதாக வார்த்து விற்றிருக்கிறது. வண்டியை இன்னும் சாலையில் விரட்டுகிறவர்கள் இருப்பதால்தானே அதற்குத் தேவை வந்தது?