ப்ளூ டிக் வருது... பதில் வரலை! வாட்ஸ்அப் குரூப்பில் பலர் பேசாமல் இருப்பது ஏன்? அவர்களைப் பேச வைப்பது எப்படி?

ராத்திரி 9 மணி. 120 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சங்கச் செயலாளர் ஒரு மெசேஜ் போடுகிறார். "அடுத்த மாசத்துல இருந்து மெயின்டனன்ஸ் 500 ரூபாய் கூடுது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க."

பத்து நிமிடத்தில் நாலு பேர் 'ஓகே' என்கிறார்கள். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். ஒருவர் சம்பந்தமே இல்லாமல் மூட்டுவலிக்கு மருந்து சொல்லும் வீடியோவை ஃபார்வேர்டு செய்கிறார். மற்ற அத்தனை பேரிடமிருந்தும் வந்தது ப்ளூ டிக் மட்டும்தான்.

"யாரும் மறுப்பு சொல்லல. எல்லாருக்கும் சம்மதம்னு எடுத்துக்கறோம்" என்று காலையில் செயலாளர் விஷயத்தை முடித்துவிடுகிறார். அடுத்த மாதம் பில் வந்ததும் லிஃப்டிலும் செக்யூரிட்டி கேபின் வாசலிலும் ஒரே பேச்சு: "யாரைக் கேட்டு ஏத்துனாங்க?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் குடியிருப்போர் சங்கம், பள்ளிப் பெற்றோர், பழைய மாணவர்கள், சுய உதவிக்குழு, ஊர்க் கோயில் கமிட்டி என்று எந்த குரூப்பில் இருப்பவருக்கும் இது பழகிய காட்சி. 100 பேர் இருக்கும் இடத்தில் பேசுவது பத்துப் பேர். முடிவு செய்வதும் அதே பத்துப் பேர். மீதிப் பேர் ஏன் பேசுவதில்லை? அவர்களுக்கு அக்கறை இல்லையா?

90 பேர் பார்ப்பவர்கள், 9 பேர் எப்போதாவது, ஒருவர் எப்போதும்

இணையக் குழுக்களில் இப்படி நடப்பது புதிதல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த இணையப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன், 2006-ம் ஆண்டு இதை ஒரு கணக்காகவே எழுதினார். பெரிய இணையக் குழுக்களில் 100 பேர் இருந்தால் 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது பேசுவார்கள், மிச்சமுள்ள ஒருவர்தான் பெரும்பாலானவற்றை எழுதுவார் என்பது அந்தக் கணக்கு. இதை அப்படியே வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்குப் பொருத்திவிட முடியாது. அது முகம் தெரியாதவர்கள் கூடும் இடங்களை வைத்துச் சொன்ன தோராயம்.

குரூப் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். பிளேர் நானெக், ஜென்னி பிரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் மின்னஞ்சல் குழுக்களை எடுத்துப் பார்த்தார்கள். மென்பொருள் உதவிக் குழுக்களில் சுமார் 82 சதவீதம் பேர் வாயே திறக்கவில்லை. நோயாளிகள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லும் குழுக்களிலோ பேசாதவர்கள் சுமார் 46 சதவீதம்தான். தன் வலியைப் புரிந்துகொள்ள ஆள் இருக்கும் இடத்தில் கூடுதல் பேர் பேசியிருக்கிறார்கள்.

'அமைதியா இருக்கணும்னு வந்தவங்க' கொஞ்சம் பேர்தான்

அதே ஆய்வாளர்கள் பின்னர் பேசாமல் இருப்பவர்களிடமே காரணம் கேட்டார்கள். 2004-ல் வந்த அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர், 'படிச்சாலே போதுமா இருக்கு' என்ற பொருளில் பதில் சொன்னார்கள். குழுவைப் பற்றி இன்னும் தெரிந்துகொண்டிருக்கிறேன், கூச்சமாக இருக்கிறது, சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்றெல்லாம் மற்ற பதில்கள் வந்தன. சேரும்போதே பேசக் கூடாது என்ற முடிவோடு வந்தவர்கள் சுமார் 13 சதவீதம் மட்டுமே.

கவனிக்க வேண்டியது இந்த 13-ஐத்தான். மற்றவர்கள் பேசாமல் போனது உள்ளே வந்த பிறகு. அதாவது, குரூப்பில் அவர்கள் பார்த்த ஏதோ ஒன்றும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அது என்ன என்பது நம் ஊர் குரூப்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே புரியும்.

முதலில், எழுத்து. தமிழில் டைப் செய்யத் தெரியாது, ஆங்கிலத்தில் எழுதினால் தப்பு வந்துவிடுமோ என்ற பயம். குரூப்பில் நாலு பேர் சரளமாக ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தால், ஐந்தாவது ஆள் வாயைத் திறக்க யோசிப்பார்.

அடுத்து, யார் யார் இருக்கிறார்கள் என்பது. மேனேஜர் இருக்கும் ஆபீஸ் குரூப்பில் ஜூனியர் பேசமாட்டார். டீச்சர் இருக்கும் பெற்றோர் குரூப்பில், 'நாம ஏதாவது சொல்லப்போய் பிள்ளைக்குப் பிரச்னை ஆகிடுமோ' என்று அம்மாக்கள் தயங்குவார்கள். பெரியவர்கள் இருக்கும் சொந்தக்காரர்கள் குரூப்பில் சித்தப்பா சொன்னதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கோ, 'ஓனர்களே பேசிக்கட்டும், நமக்கென்ன' என்ற ஒதுக்கம். பல வீடுகளில் குரூப்பில் இருப்பது கணவரின் நம்பர். தண்ணீர் வராத கஷ்டம் தெரிந்த மனைவி அந்த குரூப்பிலேயே இல்லை.

மூன்றாவது, ஸ்கிரீன்ஷாட் பயம். இங்கே எழுதியது அங்கே போய்விடும். அதோடு, முதல் தடவை வாய் திறந்தவருக்குக் கிடைத்த பதில் கேலியாக இருந்திருந்தால், அவர் இரண்டாவது தடவை திறக்கமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துப் பேரும் திறக்கமாட்டார்கள்.

இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணம். குட் மார்னிங் படங்களும் ஃபார்வேர்டுகளும் தாங்காமல் குரூப்பை மியூட் செய்து வைத்திருப்பார்கள். முக்கியமான மெசேஜ் வந்ததே தெரியாது.

'யாராவது சொல்லுவாங்க' என்பதில் உள்ள ஆபத்து

மெயின்டனன்ஸ் 500 ரூபாய் என்றால் முணுமுணுப்போடு போய்விடும். வெள்ள நேரத்தில்?

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரன்ட் இல்லை. "யாருக்காவது உதவி தேவையா?" என்று ஒருவர் கேட்கிறார். பதில் இல்லை. எல்லோரும் நலம் என்று குரூப் நினைத்துக்கொள்கிறது. தரைத் தளத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு சுகர் மாத்திரை தீர்ந்திருக்கலாம். 'எல்லாருக்கும்தான் கஷ்டம், நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்' என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

கூட்டத்தில் பொறுப்பு கரைந்துபோவதைக் காட்டும் புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஜான் டார்லியும் பிப் லடானேயும் 1968-ல் வெளியிட்டது. மாணவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து, மைக் வழியாக மட்டும் பேசிக்கொள்வார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கிட்டத்தட்ட இன்றைய வாட்ஸ்அப் குரூப் மாதிரிதான். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் குரல் கேட்கும் (உண்மையில் அது பதிவு செய்த குரல்).

கேட்பது தான் ஒருவர் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள் உதவி கேட்டு வெளியே வந்துவிட்டார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் அப்படி வந்தது 31 சதவீதம்தான். வராதவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, அவர்களும் பதற்றத்தில் இருந்தார்கள் என்று ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

'யாராவது' என்று கேட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

பெயர் சொல்லிக் கேட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 'மூவிலென்ஸ்' என்ற இணையதளத்தை நடத்துகிறது. படம் பார்த்தவர்கள் அங்கே மதிப்பெண் போடுவார்கள், அதை வைத்து மற்றவர்களுக்குப் படம் பரிந்துரைக்கப்படும். அதிகம் மதிப்பெண் போடாமல் ஒதுங்கியிருந்தவர்களுக்கு விதவிதமாக மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். முடிவுகள் 2005-ல் வெளியாகின.

'உங்கள் ரசனை மற்றவர்களிடம் இல்லாதது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்' என்ற பொருளில் கடிதம் போனவர்கள் கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். 'முடிந்ததைச் செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டதைவிட, இத்தனை படம் என்று எண்ணிக்கை சொல்லிக் கேட்டது பலன் தந்தது. இதனால் உங்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்மை என்று எடுத்துச் சொன்ன கடிதங்கள்தான் எடுபடவே இல்லை. குரூப் அட்மின்கள் அடிக்கடி போடும் 'அனைவரும் பங்கேற்று ஒத்துழைப்பு தாருங்கள்' மெசேஜ் இந்த ரகம்தான்.

சினிமா மதிப்பெண்ணும் குடிதண்ணீர்ப் பிரச்னையும் ஒன்றல்ல. ஆனாலும் கேட்கும் விதத்தில் இருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

"தண்ணி பிரச்னை பத்தி எல்லாரும் கருத்து சொல்லுங்க" என்பதற்கு யாரும் பதில் எழுதமாட்டார்கள். என்ன எழுதுவது என்றே தெரியாது. "சி பிளாக் மூணாவது மாடியில காலைல 6 மணிக்குத் தண்ணி வருதா? வருது, வரலைன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். அந்த விவரம் அந்த மாடிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அவருக்கே தெரியும்.

பெயர் சொல்லிக் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவரை 200 பேர் முன்னால், "நீங்க ஏன் எதுவுமே பேசறதில்ல சார்?" என்று கேட்டால், அது அழைப்பு ஆகாது, மிரட்டல். முதலில் தனி மெசேஜிலோ போனிலோ கேட்பதே நல்லது. "அக்கா, போன வருஷம் மோட்டார் ரிப்பேர் ஆனப்ப நீங்கதானே ஆளைக் கூட்டிட்டு வந்தீங்க? அந்த நம்பரை குரூப்ல போட முடியுமா?" அவர் போட்டதும் அட்மின் ஒரு நன்றி சொன்னால் போதும். பேசாதவரின் முதல் மெசேஜ் இப்படி வருவதுதான் வழக்கம்: சின்னதாக, உபயோகமானதாக.

டைப் செய்ய முடியாதவர்களுக்கு வாய்ஸ் நோட் இருக்கிறது. 'வாய்ஸ்ல சொன்னாலும் சரி' என்று அட்மினே ஒருமுறை வாய்ஸில் பேசிக் காட்டினால், மற்றவர்களுக்குத் தயக்கம் குறையும்.

போல் போட்டால் போதுமா?

வாட்ஸ்அப்பில் 2022-ல் வந்த 'போல்' வசதி, எழுதத் தயங்குபவர்களுக்கு நல்ல வழி. ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல். யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பதை குரூப்பில் மற்றவர்கள் பார்க்க முடியும். பொங்கல் விழாவை எந்த நாள் வைக்கலாம் என்பதற்கு இது சரி. செயலாளர் மீது கணக்குப் புகார் இருக்கும்போது, அவரே போடும் போலில் எத்தனை பேர் துணிந்து தட்டுவார்கள்? அந்த மாதிரி நேரத்தில் பெயர் இல்லாத துண்டுச்சீட்டும் ஒரு டப்பாவும்தான் சரி.

பணம், கட்டடம் சார்ந்த முடிவுகளில் குரூப் மௌனத்தை நம்பவே கூடாது. உதாரணமாக, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022-ன்படி, பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் வேண்டும். 'யாரும் மறுக்கல' என்பது இந்தக் கணக்கில் வராது. மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் படலத்தில் சொல்லும் பேச்சு (அங்கேயும் இப்போது அது செல்லுபடியாகுமா என்பது வேறு கதை).

பேசுபவர்களை என்ன செய்வது?

பேசாதவர்களைப் பற்றியே பேசும்போது மறந்துபோகும் விஷயம் இது. ஒரு நாளைக்கு 40 மெசேஜ் போடும் மூன்று பேர் இருக்கும் குரூப்பில் நாலாவது ஆளுக்கு இடமில்லை. அறிவிப்புகளுக்குத் தனி குரூப், அரட்டைக்குத் தனி குரூப் என்று பிரிப்பது பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. அட்மின் மட்டும் பதிவிடும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. ஆனால் அதையே நிரந்தரமாக்கினால் குரூப் நோட்டீஸ் போர்டு ஆகிவிடும்.

சில அட்மின்கள் சண்டைக்குப் பயந்து எல்லோரையும் அடக்கி வைப்பதும் உண்டு. உறுப்பினர் தவறாகப் பதிவிட்டால் போலீஸ் தன்னைப் பிடிக்குமோ என்ற பயமும் அதில் சேர்த்தி. குரூப்பை உருவாக்கினார் என்பதற்காக மட்டும் மற்றவரின் பதிவுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. வெறும் அட்மினாக மட்டும் இருந்தவர் பெயரை வழக்கில் இருந்து நீக்கச் சொல்லி, அதற்கு முந்தைய டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் உத்தரவிட்டது.

எல்லாரும் பேசியே ஆகணுமா?

தேவையில்லை. மழைக்கால எச்சரிக்கையைப் படித்துவிட்டு பைக்கை மேட்டில் நிறுத்தியவர், ஒரு வார்த்தை எழுதாவிட்டாலும் குரூப்பைப் பயன்படுத்தியவர்தான். 'ஆக்டிவ்வா இல்லாதவங்களை ரிமூவ் பண்ணிடுவோம்' என்ற மிரட்டலால் பத்து 'ஓகே'க்கள் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

படித்துவிட்டுப் பேசாதவர் யார், படிக்கவே இல்லாதவர் யார் என்பதை மட்டும் அட்மின் பிரித்துப் பார்ப்பது நல்லது. தான் அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால், யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்ததோடு நிற்கிறது என்று தெரியும். வெள்ள நேரத்தில் தரைத் தளத்து அம்மாவின் பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தால், இன்னொரு மெசேஜ் போட்டுப் பயனில்லை. யாராவது ஒருவரை, பெயர் சொல்லி, அந்தக் கதவைத் தட்டச் சொல்ல வேண்டும்.