சரம் பின்னும் கை: உழைப்பின் மதிப்பு குறித்துச் சில குறிப்புகள்

ஓர் உழைப்பின் மதிப்பு எப்போது சரிகிறது? கை தளரும்போது, திறமை குறையும்போது என்று பொதுப்புத்தி பதில் சொல்லும். சிவகாசிச் சரவெடியை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு பதில் கிடைக்கிறது.

சரம் பின்னுவது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. மருந்து ஏற்றித் திரி செருகிய சிறு வெடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரமாகக் கோத்துப் பின்ன வேண்டும். பின்னல் சீராக இருந்தால்தான் தீ ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். கூலி, முடித்த எண்ணிக்கைக்கு. இத்தகைய கூலிமுறையில் மேற்பார்வையாளனின் வேலையைக் கூலியே பார்த்துக்கொள்கிறது என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்குகிறார். வேகம் உடலுக்குள் போய்விடுகிறது. விரட்ட ஆள் வேண்டாம்.

2015இல் தில்லியின் மூன்று குழந்தைகள் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றையும் தடைசெய்தது. காற்று, ஒலி, குப்பை ஆகியவை காரணம். 2023 செப்டம்பரில் உற்பத்தியாளர்கள் மீண்டும் அனுமதி கேட்டபோதும் மறுத்தது. அந்தக் கைகளின் திறமை ஒரு இம்மியும் குறையவில்லை. விதி மாறியது, மதிப்பு போச்சு.

இதே தர்க்கத்தை முற்றிலும் வேறான களம் ஒன்றிலும் காணலாம். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைச் சுமந்துகொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் பாய்பவர் 'ரன்னிங் பேக்'. அதிகம் அடிபடும் உடல் அவருடையது. 1978இல் பந்தை எறிந்து ஆடுவதற்குச் சாதகமாக விதிகள் மாறின. காலப்போக்கில் ஒருவர் சுமந்த பாரம் இருவர் மூவருக்குப் பங்கானது. அணி தன் ஆட்டக்காரரை ஓராண்டுக்குப் பிடித்துவைக்கத் தரும் தொகை, 2023இல் பந்தை எறிபவருக்குச் சுமார் 3.24 கோடி டாலர், ஓடுபவருக்குச் சுமார் 1.01 கோடி. 2022 பருவத்தில் மற்ற எவரையும்விட அதிக தூரம் ஓடிய ஜோஷ் ஜேக்கப்ஸுக்கும் இதே கணக்குதான்.

கோடீஸ்வரனையும் கூலிக்காரியையும் ஒரே தராசில் வைக்கிறேனா? இல்லை. வித்தியாசம்தான் இங்கே முக்கியம். ஜேக்கப்ஸ் கையெழுத்திட மறுத்தார், பயிற்சி முகாமுக்குப் போகவில்லை, பிறகு சற்றுக் கூடுதல் தொகைக்கு வந்தார். மறுப்பதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது, சங்கமும் இருந்தது. சரம் பின்னியவளை யாரும் வேலையிலிருந்து நீக்கவே இல்லை. பின்னுவதற்குச் சரம் வரவில்லை, அவ்வளவுதான். நீக்கமே இல்லாத இடத்தில் நஷ்டஈடு எங்கே கேட்பது?

ஆலை பேன்சி ரகத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே வேலைக்குப் பழகிய கை அப்படி மாறாது. தடைக்குப் பிறகும் வீடுகளிலும் கொட்டகைகளிலும் திருட்டுத்தனமாகச் சரவெடி செய்ததாக வழக்குகள் பதிவாகின்றன. அதாவது வேலை ஒழியவில்லை. இருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பையும் விட்டுவிட்டு இருட்டுக்குள் போயிருக்கிறது.

தில்லிக் குழந்தைகளின் நுரையீரல் உண்மை. தடையை நான் எதிர்க்கவில்லை. நல்ல காற்றுக்கான விலையை யார் கொடுப்பது என்றுதான் கேட்கிறேன். பசுமைப் பட்டாசு பற்றிப் பேசும் சூழலியல் தோழர்களும் கூலி உயர்வு பற்றிப் பேசும் தொழிற்சங்கத் தோழர்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை எளிமையானது: சரம் பின்னியவர்களின் பெயர்ப் பட்டியல். பெயர் பதிவானால்தான் இழப்பும் பதிவாகும்.