கட்டிங் வேஸ்டில் ஒரு வேதாளம்

நூல் தீர்ந்த அட்டைக் கோன் ஒன்றை மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். அரக்கன் கோட்டைக்குக் கோபுரம் தயார். நுனியில் சின்ன ஓட்டை இருக்கும், கொடிக்கம்பம் செருகிக்கொள்ளலாம். திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓடும் தெருக்களில் இப்படிப்பட்ட கோபுரங்கள் சாக்குச் சாக்காகக் கட்டிக் கிடக்கின்றன. நாம்தான் அவற்றைக் கோன் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆறாவது படிக்கும் அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: கதையில் வரும் ஏதாவது ஓர் உருவத்தைக் கையால் செய்து கொண்டுவர வேண்டும். கடையில் கலர் களிமண், மினுமினுப்புத் தூள், தெர்மாகோல் என்று கேட்டால் பில் எங்கேயோ போய் நின்றது. "விடு கண்ணு, வேஸ்ட் குடோனுக்குப் போலாம்" என்று வண்டியை எடுத்தேன். "தேவதையா, டிராகனா?" என்றதற்கு, "வேதாளம் மாமா" என்றாள். சந்தோஷமாக இருந்தது.

வேதாளம் என்றால் நம்மில் பலருக்குக் கண்ணில் நிற்பது ஒரே படம்தான். கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் பிணம், பின்னால் சுடுகாடு. அம்புலிமாமாவில் அதை வரைந்த ஓவியர் சங்கரின் முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். அந்த 'கே' காரத்தொழுவு. தாராபுரம் பக்கத்துக் கிராமம், இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். 1924-ல் அங்கே பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். 2020-ல், 96 வயதில் மறைந்தார். மறுவருடம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வேதாளம் ஏறும் மரம் தமிழ்க் கதைகளில் முருங்கை. அதே மாவட்டத்தில்தான் முருங்கைக்குப் பேர்போன மூலனூரும் இருக்கிறது. வேதாளம் ஒரு வகையில் நம்ம ஊர்க்காரர்தான்.

குடோனில் வேஸ்ட் துணியை நிறம் பிரித்துத்தான் போட்டு வைத்திருப்பார்கள். பெரும்பகுதி அரைபட்டு, பஞ்சாகி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போய் மறுபடி நூலாகிவிடும். மெஷின் துடைக்கக் கொஞ்சம், கால்மிதிக்குக் கொஞ்சம். இதில் வெள்ளைக்கு விலை கூடுதல், எந்தச் சாயமும் ஏற்கும் என்பதால். வேதாளமோ வெள்ளையாகத்தான் இருந்தாக வேண்டுமாம். விலை கூடின பேய். மரத்துக்கு கிரே மெலாஞ்ச் எடுத்தோம். வெள்ளையும் கறுப்பும் கலந்த அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தால் முருங்கைப் பட்டை ஞாபகம் வராமல் போகாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, துணியில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவது. காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் காட்டன். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். பசையைக் குடிப்பது காட்டன்தான். பாலியஸ்டர் வழித்துவிட்டதுபோல் நிற்கும். பசைக்கு ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கைபடும் வேலை என்பதால் வேப்பெண்ணெய் சில சொட்டுகளோடு நிறுத்திக்கொண்டேன்.

கட்டுக்கம்பியில் எலும்பு, அதன்மேல் நாளிதழைக் கசக்கிச் சுற்றிச் சதை, பசையில் முக்கிய பனியன் துணி தோல். கழுத்து வெட்டியதில் விழும் பிறைத்துண்டுகளை அடுக்கினால் விலா எலும்பு. முகத்துக்கு மட்டும் காகிதக் கூழ். அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பாட்டிமார் கூடை செய்ய அரைப்பார்களே, வெந்தயம் சேர்த்து, அதே கூழ்தான். மூக்கை மூன்று தடவை மாற்றினாள்.

தலைமுடிதான் விசேஷம். சிங்கிள் ஜெர்சி துணியைக் குறுக்குவாட்டில் விரலகல நாடாவாக வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தால், ஓரங்கள் தாமாகச் சுருண்டு நாடா ஒரு கயிறாகிவிடும். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். இன்டர்லாக் துணியில் இது நடக்காது. கட்டிங் டேபிளில் இந்தச் சுருட்டலைத் திட்டாத மாஸ்டர் கிடையாது. அடுக்கு விரிக்கும்போது ஓரம் மடங்கி உயிரை வாங்கும். இங்கே அந்தக் குறைதான் சடை. ஃபிளீஸ் துணியின் உள்பக்கத்துப் பஞ்சு, மரத்தடிப் பாசி ஆனது.

முதல் வேதாளம் உருப்படவில்லை. ஆடி மாதம், மொட்டை மாடியில் காய வைத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலைப் பக்கம் காற்றாலை சுற்றுவதோடு நிற்காது. ஈரக்கனத்தோடு வேதாளம் உருண்டு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் கிடந்தது. இரண்டாவதைக் கொடியில் தலைகீழாகக் கட்டிக் காய வைத்தோம். வேதாளத்துக்கு அதுதானே இயல்பு.

மலிவுச் சரக்கில் உருவம் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில், மாட்டுப்பொங்கலை ஒட்டி, விவசாயிகள் மண்ணில் செய்த மாடு கன்றுகளை வைத்துக் கும்பிடுவார்கள். உருவாரம் என்று பேர். குயவர் கையில் நாலு தட்டில் பிறந்த கன்று, மூக்கும் கண்ணும் சரியாக இருக்காது; ஆனாலும் அது கன்றுதான்.

துணிக்கு வந்தால் சண்டிகரின் நேக் சந்த்தைச் சொல்லாமல் முடியாது. சாலை ஆய்வாளர் வேலை பார்த்தவர், 1957 வாக்கில் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் உடைந்த பீங்கானிலும் வளையலிலும் ஒரு ராஜ்யமே கட்டத் தொடங்கினார். 1975-ல் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடிப்பதற்குப் பதில் 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அதுதான் ராக் கார்டன். 1984-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015-ல் காலமானார். பீங்கான் உருவங்களைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் கம்பிக்கூட்டில் கந்தைத் துணி சுற்றி ஆளுயரப் பொம்மைகளும் நிறையச் செய்திருக்கிறார். எனக்கு அவைதான் பிடிக்கும். பீங்கான் பொம்மை முறைத்துப் பார்க்கும். கந்தைப் பொம்மைக்கோ தோள் சாய்ந்திருக்கும், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி.

பள்ளிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின ராத்திரி, கோன் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று செருகி, மெலாஞ்ச் சுற்றிய முருங்கையில் வேதாளத்தைத் தொங்கவிட்டோம். விக்கிரமாதித்தனுக்குத் துணி மிச்சமில்லை. "ராஜா வந்துட்டிருக்கார்னு சொல்லிக்கலாம் மாமா" என்றாள்.

பத்து மணிக்கு அக்கா கம்பெனியிலிருந்து வந்தாள். செக்கிங்கில் பதினோரு வருஷம். பையைக்கூடக் கீழே வைக்காமல் வேதாளத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பேசவில்லை. கழுத்தில் தொங்கிய டிரிம்மரை எடுத்து, பிடரியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பிசிறைக் கச்சிதமாக நறுக்கிவிட்டாள்.

"அம்மா! அது முடிம்மா!"